தொடங்கியவர் முடிக்கிற கேம்: கதையை எந்த வரிசையில் எழுதுவது? ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கேமைத் தொடங்குகிறவர்களில் கணிசமானவர்கள் அதை முடிப்பதில்லை. கதை போதவில்லை என்று நினைத்துக்கொண்டு, எழுதுபவர்கள் இன்னொரு திருப்பத்தையும் இன்னும் நாலு பக்க வசனத்தையும் சேர்க்கிறார்கள். புதிதாக எழுத வருகிறவர்களின் கேம்களைப் பிறர் ஆடும்போது பக்கத்தில் இருந்து கவனித்து வந்ததில் எனக்குப் புலப்பட்டது வேறு. வெறுத்துப்போய் நிறுத்துகிறவர்கள் குறைவு. வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், சேவ் செய்துவிட்டு எழுந்து போகிறார்கள். அடுத்த வாரம் திறக்கும்போது இந்த ஆள் யார், எதற்காக இந்தக் கதவைத் தேடிக்கொண்டிருந்தோம் என்பதெல்லாம் மறந்துபோயிருக்கிறது. ஐந்து நிமிடம் தட்டுத்தடுமாறிவிட்டு மூடிவிடுகிறார்கள். பிறகு திறப்பதே இல்லை.

ஆகவே ஒருவர் முடிப்பாரா மாட்டாரா என்பது பெரும்பாலும் அவர் ஆடாத நேரத்தில் தீர்மானமாகிறது. கேமை மூடிவிட்டு பஸ்ஸில் போகும்போது ஒரு கேள்வி அவருக்குள் உறுத்த வேண்டும். திரும்பி வரும்போது அந்தக் கேள்வி விட்ட இடத்திலேயே கிடைக்க வேண்டும். கதை செய்ய வேண்டிய வேலை இந்த இரண்டும்தான். கீழே உள்ள படிகள் அதற்காகவே இந்த வரிசையில் இருக்கின்றன. வரிசையை மாற்றினால் எழுதியதை மறுபடி எழுத நேரும்.

இது ஒன்றிலிருந்து ஐந்து மணி நேரம் ஓடக்கூடிய, கதை உள்ள கேமைத் தனியாகவோ சிறு குழுவாகவோ செய்கிறவர்களுக்கானது. ஒருவரோடு ஒருவர் மோதி மேட்ச் ஆடும் கேம்களுக்கும் முடிவே இல்லாத புதிர் கேம்களுக்கும் இதில் பாதி பொருந்தாது. உதாரணம் காட்டுவதற்காகச் சில கேம்களின் கதைத் திருப்பங்களை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறேன்.

விளக்க வசதியாக ஒரு சிறு கேமைக் கற்பனை செய்துகொள்வோம். மல்லிகா என்ற பெண், காணாமல் போன தன் அண்ணனின் ரேடியோ ரிப்பேர் கடையை மறுபடி திறக்கிறாள். பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பழுது பார்ப்பதுதான் ஆட்டம். ரேடியோ கொண்டுவரும் ஒவ்வொருவருக்கும் அண்ணனைப் பற்றி ஏதோ ஒன்று தெரியும். இதை "ரேடியோ கடை" என்று வைத்துக்கொள்வோம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, கதையே இல்லாமல் பத்து நிமிடம் ஆடக்கூடிய ஓர் ஆட்டம். படங்கள் வேண்டாம், வெறும் சாம்பல் நிறப் பெட்டிகள் போதும். ரேடியோவைப் பிரித்து, எரிந்த பாகத்தைக் கண்டுபிடித்து மாற்றுவது கைக்குச் சுவையாக இருக்கிறதா? இல்லையென்றால் அங்கேயே நின்று அதைச் சரிசெய்யுங்கள். அடுத்த காட்சிக்காக ஒருவர் ஒரு சலிப்பான வேலையைப் பொறுத்துக்கொள்வார். அதையே பத்து முறை செய்யச் சொன்னால் எந்தக் கதையும் அவரைப் பிடித்து வைக்காது.

இரண்டாவது, எழுதும் கருவி. கிளைகள் உள்ள கதையை வரைந்து பார்க்க டுவைன் எளிது. வசனம் அதிகமென்றால் இங்க் அல்லது ரென்பை. முழு கேமையும் ஒரே இடத்தில் கட்ட கோடோ. தமிழில் எழுதுகிறீர்கள் என்றால், "கொடை", "கேள்வி", "மௌனம்" ஆகிய மூன்று சொற்களைத் திரையில் போட்டுப் பார்க்காமல் ஒரு வசனமும் எழுதாதீர்கள். யூனிட்டி என்ற கேம் கட்டும் மென்பொருளில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ்புரோவில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். கோடோ 4 தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கிறது. டுவைன் பிரவுசரில் ஓடுவதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. கருவியைப் பாதியில் மாற்ற நேர்ந்தால் எல்லாக் கிளைகளையும் மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, உங்கள் கதை தெரியாத ஏழெட்டுப் பேர். ஒருவர் ஒருமுறைதான் புதியவராக இருக்க முடியும். முதல் டிராஃப்டிலேயே எல்லோரையும் கூப்பிட்டு ஆட வைத்துவிட்டால், திருத்திய வடிவத்தைக் காட்டப் புது ஆள் இருக்கமாட்டார். இரண்டு இரண்டு பேராகச் செலவழியுங்கள்.

1. கடைசிக் காட்சியை முதலில் எழுதுங்கள்

ஆட்டக்காரர் பார்க்கப்போகும் கடைசி மூன்று நிமிடத்தை, வசனத்தோடு, முழுதாக எழுதுங்கள். பிறகு மாறலாம். ஆனால் இப்போது ஒன்று இருந்தே ஆக வேண்டும். எந்தக் கேள்விக்கு இந்தக் காட்சி பதில் என்று தெரிந்தால்தான், அந்தக் கேள்வியை முதல் பத்து நிமிடத்தில் விதைக்க முடியும்.

முடிவு எங்கே இருக்கிறது என்பதை ஆட்டக்காரருக்குக் காட்டிவிடுவதில் நஷ்டம் இல்லை. 2012இல் வந்த ஜர்னி, தொடங்கிய சில நிமிடங்களிலேயே தூரத்தில் ஒளிரும் மலையைக் காட்டிவிடுகிறது. போக வேண்டிய இடம் அதுதான். 2018இல் வந்த காட் ஆஃப் வார், மனைவியின் சாம்பலை மிக உயர்ந்த சிகரத்தில் தூவ வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. இரண்டிலும் இடம் தெரியும், அங்கே என்ன காத்திருக்கிறது என்பது தெரியாது. ஒரு வாரம் விட்டுவிட்டு வந்தவருக்குக்கூட "அந்த மலைக்குப் போகணும்" என்பது நினைவிருக்கும்.

இந்தப் படியில் எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்: முடிவுக்குப் பதிலாக முன்கதையை எழுதுகிறார்கள். ராஜ்ஜியங்கள், போர்கள், முன்னூறு வருட வம்சாவளி. உழைப்பு உண்மையானது, ஆனால் அதில் ஒரு வரிகூட ஆட்டக்காரரை நாளை திரும்ப அழைத்துவராது.

2. கதையை அமர்வுகளாக வெட்டுங்கள்

சினிமாவில் இடைவேளையை இயக்குநர் தீர்மானிக்கிறார். கேமில் அதைத் தீர்மானிப்பது ஆட்டக்காரரின் வீடு, வேலை, தூக்கம். கன்ட்ரோலரைக் கையில் எடுத்ததிலிருந்து கீழே வைக்கும் வரையுள்ள நேரத்தை ஓர் அமர்வு என்று வையுங்கள். கதையின் அடிப்படை அளவு இதுதான். அத்தியாயம், லெவல் எல்லாம் பிறகு.

போனில் ஆடும் கேமுக்கு ஓர் அமர்வைப் பத்துப் பதினைந்து நிமிடமாகவும், கம்ப்யூட்டரிலோ கன்சோலிலோ ஆடும் கேமுக்கு நாற்பது நிமிடமாகவும் வைத்துத் திட்டமிடச் சொல்வேன். இது என் கணக்கு. உங்கள் ஆட்டக்காரர்களைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரக் கேம் என்றால் நாலைந்து அமர்வுகள். அவ்வளவுதான் உங்கள் கையிருப்பு. எழுத வந்தவர் பன்னிரண்டு திருப்பங்களோடு வந்திருந்தால், இந்த எண்ணைப் பார்த்ததும் எட்டு திருப்பங்களைத் தானாகவே வெட்டிவிடுவார்.

ஒவ்வோர் அமர்வுக்கும் ஓர் அட்டை எடுத்து மூன்று வரி எழுதுங்கள். ஆட்டக்காரர் கையால் என்ன செய்கிறார்? புதிதாக என்ன தெரிந்துகொள்கிறார்? மூடும்போது மனதில் எது நிற்கும்? மூன்றாவது வரி காலியாக இருக்கும் அட்டைதான் ஆபத்தான இடம். ஆட்டக்காரர்கள் திரும்பி வராமல் போவது அங்கிருந்துதான்.

அமர்வு முடிந்துவிட்டது என்பது ஆட்டக்காரருக்கும் தெரிய வேண்டும். 2023இல் வந்த வெண்பா என்ற கேமைப் பாருங்கள். டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் செய்தது, 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. மொத்தமே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். ஆனாலும் அது அத்தியாயங்களாக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் வருடங்கள் ஓடுகின்றன. ஃபயர்வாட்ச் நாட்களாகப் பிரிந்திருக்கிறது, நடுவில் பல நாட்களைத் தாண்டிக் குதிக்கிறது. தி லாஸ்ட் ஆஃப் அஸ் கோடை, இலையுதிர், குளிர், வசந்தம் என்று நான்கு பருவங்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கதைக்குள்ளேயே காலம் குதிக்கும்போது, ஆட்டக்காரரின் வாழ்க்கையில் ஓடிய நாட்களும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றன. நாலு நாள் கழித்து வந்தவர் எதையும் தவறவிட்டதாக உணரமாட்டார்.

எழ விட்டால் திரும்பி வரமாட்டார் என்ற பயத்தில், ஒரு காட்சியின் வால் அடுத்த காட்சியின் தலையில் முட்டும்படி எழுதுகிறார்கள் புதியவர்கள். ஆட்டக்காரர் எப்படியும் எழத்தான் போகிறார். நீங்கள் இடம் கொடுக்காவிட்டால் ஒரு விளக்கத்தின் நடுவிலோ பாதி தீர்த்த புதிரிலோ எழுவார். மறுபடி நுழைய மிகக் கஷ்டமான இடங்கள் அவை.

3. அமர்வுக்கு ஒரு கேள்வியை மூடுங்கள், ஒன்றைத் திறந்து வையுங்கள்

பெரிய கேள்வி ஒன்று போதும்: அண்ணன் ஏன் போனான்? அதற்குப் பதில் கடைசி அமர்வில்தான் வரும். அதுவரை தாங்குவதற்குச் சின்னக் கேள்விகள் வேண்டும். முதல் ரேடியோவுக்குள் ஒரு சாவி இருந்தது, அது எந்தப் பூட்டுக்கு? இரண்டாம் அமர்வில் பூட்டு திறக்கிறது, உள்ளே வேறொருவர் பெயரில் ஒரு ரசீது கிடக்கிறது.

வரிசை முக்கியம். பழைய கேள்விக்கு முதலில் பதில் கொடுங்கள், பிறகு புதியதைத் திறங்கள், உடனே அமர்வை முடியுங்கள். பதிலே தராமல் கேள்வியை மட்டும் அடுக்கிக்கொண்டு போனால், இரண்டாம் மூன்றாம் அமர்வுக்குள் ஆட்டக்காரர் உங்களை நம்புவதை நிறுத்திவிடுவார். ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் கேமில் 60 பேரின் கதியைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேர் சரியாக வந்ததும் கேம் அவற்றை உறுதி செய்துவிடுகிறது. அறுபதும் முடியட்டும் என்று காத்திருக்க வைத்திருந்தால் பாதிப் பேர் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இன்னொரு சோதனையும் உண்டு, இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். அமர்வின் இறுதியில் நீங்கள் திறந்து வைக்கும் கேள்விக்காக, ஆட்டக்காரர் நாளை வந்து கையால் என்ன செய்ய முடியும்? தொடரில் கதாநாயகன் மலை விளிம்பில் தொங்கினால், அடுத்த வாரம் யாரோ வந்து தூக்குவார்கள், நாம் பார்த்தால் போதும். கேமில் தூக்க வேண்டியவர் ஆட்டக்காரர். "அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது?" என்பது வேடிக்கை பார்க்கிறவருக்கான கேள்வி. "இந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு?" என்பது ஆடுகிறவருக்கான கேள்வி. நாளைக்குச் செய்ய ஒரு வேலை கையில் இருந்தால் அவர் வருவார்.

4. கை செய்வதும் கதை சொல்வதும் ஒரே திசையில் இருக்கட்டும்

இப்போது ஒவ்வோர் அட்டையிலும் முதல் இரண்டு வரிகளைச் சேர்த்துப் படியுங்கள். ரேடியோவைப் பழுது பார்த்ததால் ஒன்று தெரியவந்ததா? அல்லது ரேடியோ தனியாக முடிந்து, பிறகு யாரோ வந்து கதை சொன்னார்களா? இரண்டாவது வகை என்றால், ஆட்டக்காரர் சீக்கிரமே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தாண்டிவிடப் பழகுவார். வசனங்களைத் தட்டித் தட்டி ஓட்டுவது அதன் முதல் அறிகுறி.

வெண்பாவில் அம்மாவின் சமையல் புத்தகம் சிதைந்திருக்கிறது. இட்லியை எந்த வரிசையில் எப்படி வைப்பது என்று யோசிக்கும்போதே, விட்டுவந்த வீட்டை நாமும் எட்டிப் பிடிக்கிறோம். 2017இன் வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச் கேமில் லூயிஸ் என்பவர் மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்கிறார். ஒரு கையால் மீனை வெட்டிக்கொண்டே மறு கையால் அவருடைய பகற்கனவுக்குள் நடக்க வேண்டும். கனவு திரையை மூடிக்கொண்டு வரும்போது, வெட்டும் கை தன்னால் ஓடிக்கொண்டிருப்பதை உணர்கிறோம். அவர் மனநிலையை விளக்க இதற்கு மேல் வசனம் தேவைப்படவில்லை.

எதிர் உதாரணம் ஃபால்அவுட் 4. கைக்குழந்தையைக் கடத்திவிட்டார்கள், தேடிப் போக வேண்டும் என்று தொடங்குகிறது. அடுத்த மணி நேரத்திலேயே குடியிருப்பு கட்டு, மரச்சாமான் சேகரி என்று வேலைகள் குவிகின்றன. அந்த வேலைகள் சுவையானவைதான். ஆனால் குழந்தையைத் தேடும் அவசரம் அதில் கரைந்துவிடுகிறது, பிரதானக் கதையை எப்போது தொடர்ந்தாலும் ஒன்றுதான் என்று ஆகிவிடுகிறது. உங்கள் கேமில் சுற்றித் திரிய இடம் இருந்தால் அவசரமான கதையை வைக்காதீர்கள். காத்திருக்கக்கூடிய கதையை வையுங்கள்.

5. நடுப்பகுதியில் கேள்வியையே மாற்றுங்கள்

அதிகம் பேரை இழப்பது இங்கேதான், அதனால் அதிக நேரம் செலவிட வேண்டிய இடமும் இதுவே. தொடக்கத்தின் புதுமை தீர்ந்திருக்கும். முடிவு இன்னும் தூரம். ஆட்டத்தின் விதிகள் ஆட்டக்காரருக்குப் பழகிவிட்டிருக்கும்.

புதியவர்கள் இங்கே தடைகளைச் சேர்க்கிறார்கள். மூன்று சாவி கொண்டு வா, ஐந்து கல் கொண்டு வா, பாலம் உடைந்துவிட்டது, சுற்றிப் போ. அப்படி ஒரு பகுதியைக் கண்டால் இதைக் கேளுங்கள்: இது முடிந்த பிறகு ஆட்டக்காரருக்கு முன்பு தெரியாத ஏதாவது தெரியுமா? தெரியாது என்றால் வெட்டுங்கள். கேம் இருபது நிமிடம் சுருங்கினால் சுருங்கட்டும். விலைக்கேற்ற நீளம் வேண்டும் என்ற கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் முடிக்கப்படாத ஐந்து மணி நேரத்தைவிட முடிக்கப்பட்ட மூன்று மணி நேரம்தான் அடுத்தவரிடம் போய்ப் பேசப்படும்.

தடைக்குப் பதிலாகக் கேள்வியை மாற்றுங்கள். 2007இன் போர்ட்டல் இதற்கு நல்ல பாடம். சோதனை அறைகளின் வாசல் பலகையில் மொத்தம் 19 என்று எழுதியிருக்கிறது. எத்தனை மீதி என்று எண்ணிக்கொண்டே போகிறோம். பத்தொன்பதாவதின் கடைசியில் பரிசுக்குப் பதிலாக நெருப்பு காத்திருக்கிறது. அந்தக் கணத்தில் "சோதனையை எப்படி முடிப்பது?" என்பது "இங்கிருந்து எப்படித் தப்புவது?" என்றாகிவிடுகிறது. கையில் அதே துப்பாக்கி, அதே திறமை, ஆனால் ஆட்டம் புதிதாகிவிட்டது. புதுக் கருவி ஒன்றுகூடச் செய்யத் தேவைப்படவில்லை.

கேள்வியை மாற்றாமல் கையை மாற்றவும் செய்யலாம். தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேமின் குளிர்காலப் பகுதியில், அதுவரை ஜோயலாக நடந்த நாம் எல்லியாக நடக்கிறோம். நாம் காப்பாற்றிவந்த சிறுமி இப்போது நம்மைக் காப்பாற்ற வேட்டைக்குப் போகிறாள்.

"ரேடியோ கடை"யில் இதை எப்படிச் செய்வது? மூன்றாம் அமர்வில் மல்லிகாவுக்கு அண்ணன் இருக்கும் இடம் தெரிந்துவிடட்டும். பக்கத்து ஊர்தான், பஸ்ஸில் ஒரு மணி நேரம். "எங்கே?" என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துவிட்டது. "இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஏன் வரவில்லை?" என்பது இனி அவளைத் தூங்க விடாது. கடைசிக்கு என்று ஒளித்து வைத்திருந்த பதிலை நடுவில் செலவழித்துவிட்டோமே என்று பதற வேண்டாம். சிறந்த காட்சியை முடிவுக்கு மட்டும் பதுக்கி வைத்தால், முடிவு வரை வராதவர்கள் அதைப் பார்க்கவே போவதில்லை.

நடுப்பகுதியில் ஆட்டத்தின் கடினமும் எகிறும். ஒரே பாஸிடம், அதாவது பெரிய எதிரியிடம், திரும்பத் திரும்பத் தோற்பவருக்குக் கதை கண்ணில் படாது. செலஸ்ட் கேமில் அசிஸ்ட் மோட் இருக்கிறது: வேகத்தைக் குறைக்கலாம், சாகாமல் இருக்கலாம், மலையேறும் பெண்ணின் கதை அதே கதைதான். ஹேடிஸ் இன்னொரு வழி காட்டுகிறது. அங்கே செத்தால் வீட்டுக்குத் திரும்புகிறோம், வீட்டில் எல்லோரும் புதிதாக ஏதாவது பேசுகிறார்கள். தோல்வியே அடுத்த காட்சிக்குக் கதவு. சிறு குழுவுக்கு அவ்வளவு வசனம் எழுத முடியாது, ஆனால் தோற்றவருக்கு ஒரு புதிய வரியாவது கொடுக்க யாராலும் முடியும்.

6. தொடக்கத்தை இப்போது எழுதுங்கள்

எந்தக் கேள்வி, எந்த முடிவு, நடுவில் அது எப்படி மாறும் என்று தெரிந்த பிறகுதான் முதல் பத்து நிமிடத்தைச் சரியாக எழுத முடியும். முதலிலேயே எழுதியவர்கள் அதைச் சீவிச் சீவி அழகாக்குவதிலேயே பல மாதங்களை விடுவதைப் பார்க்கிறேன்.

முதல் நிமிடத்துக்குள் ஆட்டக்காரரின் கை ஏதாவது செய்ய வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் யாருக்காகச் செய்கிறோம் என்று தெரிய வேண்டும். பத்து நிமிடத்துக்குள் ஒரு முழுச் சுற்று முடிந்து, அதாவது ஒரு ரேடியோ பாட ஆரம்பித்து, பெரிய கேள்வி திறக்க வேண்டும். கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஃபயர்வாட்ச் வெறும் எழுத்தோடு தொடங்குகிறது. ஹென்றியும் ஜூலியாவும் எப்படிச் சந்தித்தார்கள், ஜூலியாவுக்கு நினைவு எப்படித் தப்பத் தொடங்கியது என்று சொல்லிக்கொண்டே நம்மிடம் சின்னச் சின்ன முடிவுகளைக் கேட்கிறது. நடுநடுவே காட்டு வழியில் நடக்க வைக்கிறது. முன்கதை சொல்லியே ஆக வேண்டும் என்றால் இப்படிச் சொல்லுங்கள், கையைச் சும்மா இருக்க விடாமல்.

முதல் அமர்வில் மூன்று பெயர்களுக்கு மேல் வேண்டாம். நான்காவது பெயர் வந்ததும் முதல் பெயர் மறந்துபோகிறது.

7. திரும்பி வருகிறவருக்கு வாசல் வையுங்கள்

கதை எழுதுகிறவர்கள் இதைத் தங்கள் வேலையாக நினைப்பதில்லை, புரோகிராமரின் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். முழுக்க முழுக்க இது எழுத்து வேலை.

தி விட்சர் 3 கேமில் சேவைத் திறந்தால், லோடாகும் நேரத்தில் டேன்டிலியன் என்ற பாடகனின் குரலில், இதுவரை நடந்ததும் இப்போது ஜெரால்ட் எதைத் தேடுகிறான் என்பதும் படக்கதை போல வரும். ஆலன் வேக் தொலைக்காட்சித் தொடர் போல அத்தியாயங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் முந்தைய கதையைச் சுருக்கிச் சொல்லும். அவுட்டர் வைல்ட்ஸில் 22 நிமிடத்துக்கு ஒருமுறை காலம் திரும்பிவிடுகிறது, ஆனால் விண்கலத்தின் பதிவேட்டில் கண்டுபிடித்தவை அழியாமல் இருக்கும். எந்தத் துப்பு எதோடு இணைகிறது, எந்த இடத்தில் இன்னும் தேட மிச்சம் இருக்கிறது என்பதை அது வரைபடமாகக் காட்டும். ஒரு மாதம் கழித்து வந்தாலும் அந்தப் பலகையைப் பார்த்து ஓரிடத்தைத் தேர்ந்துவிடலாம்.

நீங்கள் எழுத வேண்டியது மூன்று வாக்கியம். கடைசியாக என்ன செய்தேன், இப்போது எங்கே இருக்கிறேன், எதைத் தெரிந்துகொள்ளத் துடிக்கிறேன். பாத்திரத்தின் குரலிலேயே எழுதுங்கள். "முருகேசன் ரேடியோவுல கிடைச்ச ரசீது அண்ணன் கையெழுத்துதான். ஆனா பேரு வேற. நாளைக்கு காலையில அச்சகத்துக்குப் போய் கேக்கணும்." சேவ் ஃபைலில் நேரத்தைப் பதிந்துவைத்தால், மூன்று நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தவருக்கு மட்டும் இதைக் காட்டலாம். அன்றே திரும்பியவரைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை.

வேலைப் பட்டியலையும் இதே கண்ணோடு திருத்துங்கள். "பாஸ்கரிடம் பேசு" என்று எழுதியிருப்பார்கள். ஒரு வாரம் கழித்து வந்தவருக்குப் பாஸ்கர் யார்? "டீக்கடை பாஸ்கரிடம் பேசு, அண்ணனைக் கடைசியாகப் பார்த்தவர்" என்று எழுதினால் ஆளும் இடமும் காரணமும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன. பட்டியல் முழுவதையும் இப்படி மாற்ற ஒரு மாலை நேரம் போதும். இதைவிடக் குறைந்த உழைப்பில் இவ்வளவு பலன் தரும் வேறொரு திருத்தம் எனக்குத் தெரியாது.

திரும்பி வந்ததும் உடனே சண்டையில் இறக்கிவிடாதீர்கள். கை பொத்தான்களை மறந்திருக்கும். ஆபத்தில்லாத இடத்தில் எழுப்பி, இரண்டு நிமிடம் நடக்க விடுங்கள்.

8. பின்னால் உட்கார்ந்து, பேசாமல் பாருங்கள்

ஆட வைத்துவிட்டு எழுதியவரே விளக்கத் தொடங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. "அது இல்ல, இடது பக்கம் பாரு, அவன்தான் மாமா." வெளியான பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: எப்போது போனைப் பார்த்தார், எப்போது வசனத்தைப் படிக்காமல் தட்டினார், எப்போது முன்னால் சாய்ந்தார்.

முதல் அமர்வு முடிந்ததும் நிறுத்தி வீட்டுக்கு அனுப்புங்கள். ஒரே நாளில் முழுக் கேமையும் ஆட வைத்தால், உண்மையில் ஆட்டக்காரரை இழக்கும் இடைவெளியைச் சோதிக்கவே முடியாது. ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, திரையைக் காட்டும் முன் கேளுங்கள்: மல்லிகா எதைத் தேடுகிறாள்? கடைசியாக என்ன கண்டுபிடித்தாள்? அடுத்து எங்கே போவீர்கள்? மூன்றாவதற்குப் பதில் வரவில்லை என்றால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். "பிடித்திருந்ததா?" என்று கேட்காதீர்கள். நண்பர்கள் பிடித்தது என்றுதான் சொல்வார்கள்.

9. வெளியான பின் எண்களைப் படியுங்கள்

ஒவ்வோர் அமர்வின் இறுதியிலும் ஓர் அச்சீவ்மென்ட், அதாவது அதுவரை வந்ததற்கான பதக்கம், வையுங்கள். எத்தனை சதவீதம் பேர் அதைப் பெற்றார்கள் என்று ஸ்டீம் காட்டும். மற்றவர்களின் கேம்களிலும் இதைப் பார்க்கலாம், நீங்கள் செய்வது போன்ற சிறு கேம்களை எடுத்து ஒப்பிடுங்கள்.

உதாரணத்துக்கு 78, 70, 41, 38, 36 என்று வந்தால், கவனிக்க வேண்டியது 36 அல்ல. 70க்கும் 41க்கும் நடுவில் உள்ள பள்ளம். மூன்றாம் அமர்வில் எங்கோ சிக்கல், அல்லது இரண்டாம் அமர்வின் இறுதியில் மனதில் எதுவும் நிற்கவில்லை. பெரும்பாலும் இரண்டாவதுதான் காரணமாக இருக்கும், அதனால் முதலில் அங்கே பாருங்கள். மெல்ல மெல்ல இறங்கும் எண்கள் எல்லாக் கேமிலும் உண்டு. வாங்கிவைத்து ஒருமுறை மட்டும் திறந்து பார்த்தவர்களும் முதல் எண்ணில் அடங்குவார்கள், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

10. கடைசி அமர்வைச் சுருக்குங்கள்

இறுதி நெருங்கிவிட்டது என்று தெரிந்தவர் தூக்கத்தைக்கூடத் தள்ளிவைத்து உட்காருவார். அவரை நீட்டிச் சோதிக்கக் கூடாது. மற்ற அமர்வுகள் நாற்பது நிமிடம் என்றால் இது இருபத்தைந்து. புதுப் பாத்திரம், புது விதி, புதுக் கருவி எதுவும் இங்கே வேண்டாம்.

பதிலின் அளவு கேள்வியின் அளவோடு பொருந்த வேண்டும். ஃபயர்வாட்ச்சின் முடிவைப் பற்றி ஆட்டக்காரர்கள் இரண்டுபட்டு நின்றார்கள். நடுவில் பெரிய சதி ஒன்று இருப்பதாக வளர்த்து, கடைசியில் மனிதர்களின் சின்னத் துயரமாக முடிகிறது. எனக்கு அந்த முடிவு பிடிக்கும். ஆனால் ஏமாந்தவர்களின் கோபமும் நியாயமானது, அவர்கள் மனதில் திறந்து வைக்கப்பட்ட கேள்வி அதைவிடப் பெரியது. முதல் படியில் எழுதிய கடைசிக் காட்சியை இப்போது எடுத்து, ஐந்தாம் படியில் மாற்றிய கேள்விக்கு அது பதில் சொல்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காட்சியைத் திருத்துவதைவிட நடுப்பகுதியின் வாக்குறுதியைக் குறைப்பது எளிது.

கிளைக்கதைகள் இருந்தால், திரும்ப முடியாத இடத்துக்கு முன் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: "இந்த பஸ் ஏறினா கடைக்குத் திரும்ப முடியாது." மிச்சம் வைத்தவர் முடித்துவிட்டு வருவார், அவசரப்படுகிறவர் ஏறிவிடுவார். கிரெடிட்ஸ் ஓடியதும் சேவ் அந்த பஸ் நிறுத்தத்துக்கே திரும்பும்படி வையுங்கள். முடித்தவர் விட்டுப்போன ரேடியோக்களுக்காக மறுபடி உள்ளே வர முடிய வேண்டும்.